கேள்விக்கு முறை வைத்த கதை

எங்கள் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் புதிதாக ஒரு மெஷின் வைத்திருக்கிறார்களாம். சுவரில் நம்பர் மினுங்கும். கூடவே ஒரு பெண் குரல் கூப்பிடும். நான் ரிட்டயர் ஆன இடத்துக்கு ஆள் போடவில்லை. குரல் போட்டுவிட்டார்கள். நல்ல குரல் என்று சொன்னார்கள். தொண்டை கட்டாது. டீக்குப் போகாது. என்னைவிட மேல்தான்.

அங்கிருக்கும் நர்ஸ் பெண்கள் போன் செய்தார்கள். "யக்கா, நீங்க பாத்ததெல்லாம் எழுதிக் குடுங்க. புதுசா வர்ற பிள்ளைங்க படிக்கட்டும்." நான் எட்டாவது ஃபெயில் என்றேன். "அப்ப சுருக்கமா எழுதுவீங்க. அதான் வேணும்" என்றாள் ஒருத்தி. சுருக்கம் என்றால் சரி. என் மருமகளைக் கேளுங்கள். "அத்தைகிட்ட பேசுறதுக்கு ஃபேன்கிட்ட பேசலாம். அதாவது முனகும்" என்பாள்.

பேர்களை மாற்றிவிட்டேன். நான் சொல்லப்போகும் வீடு ஒரத்தநாட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் அந்த வீட்டைத் தேடாதீர்கள்.

நடவு, களை, அறுப்பு. கல்யாணம் வரைக்கும் எனக்குத் தெரிந்தது அதுதான். அப்புறம் ஆஸ்பத்திரியில் காண்ட்ராக்டில் கூட்டித் துடைக்கும் வேலை. பிறகு நிரந்தரம் ஆனது. பிரசவ வார்டில் இருந்தவளை மனநலப் பிரிவுக்கு மாற்றினார்கள். எங்கள் தெருவில் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஒருத்தர் வாழைப்பழம்கூட வாங்கி வந்தார். அங்கே போனால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பு. ஒட்டவில்லை. முன்னாலேயே இருந்ததா என்பதை மருமகளைத்தான் கேட்க வேண்டும்.

பயிற்சி என்று ஒன்று நடந்தது. பெரிய நர்ஸம்மா ஒரு காலையில் நிற்க வைத்துச் சொன்னார். "வேகமா நடக்காதே. முதுகுக்குப் பின்னால வந்து நிக்காதே. அவங்க சிரிச்சா சிரி. அவங்க சிரிக்காதப்ப நீ சிரிக்காதே." மத்தியானச் சாப்பாட்டுக்குள் பயிற்சி முடிந்துவிட்டது. கடைசி வரைக்கும் அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

என் வேலை பேர் கூப்பிடுவது. கதவைப் பார்த்துக்கொள்வது. சாயங்காலம் வார்டைத் துடைப்பது. பேர் கூப்பிடுவது லேசு என்று நினைக்காதீர்கள். எங்கள் பிரிவுக்கு வருகிறவர்கள் யாரும் எங்கள் பிரிவுக்கு வருவதில்லை. "நரம்பு டாக்டரைப் பாக்கணும்" என்பார்கள். "தலைவலி" என்பார்கள். ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். "இவளுக்குத் துணைக்கு வந்தேன்" என்றார் அவர். "இவருக்குத் துணைக்கு வந்தேன்" என்றாள் அவள். அப்போ நோயாளி யார்? இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பேரைச் சத்தமாகச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரர் யாராவது திரும்பிப் பார்த்துவிடுவார். அதனால் கிட்டே போய்க் காதோடு சொல்வேன். ஒரு பெரிய மனிதர் யாருக்கும் தெரியக்கூடாது என்று சர்க்கரை நோய் வரிசையில் போய் உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிட வருவதற்குள் வரிசை நகர்ந்து ரத்தம் எடுக்கும் இடம் வந்துவிட்டது. எழுந்து வர வெட்கம். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். பாவம், சர்க்கரையும் இருந்தது.

எனக்கு வாய்த்த டாக்டரம்மா சீர்காழிப் பக்கம் விவசாயக் குடும்பம். குள்ளம். மெதுவாகப் பேசுவார். யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "காலைல என்ன சாப்பிட்டீங்க?" அடுத்தது, "யாரு சமைச்சா?" அதிலேயே பாதி வீடு தெரிந்துவிடும் என்பார். நோயாளி பேசும்போது எழுத மாட்டார். பேனா மேசையில் படுத்திருக்கும். பேனாவைக் கையில் எடுத்தால் முடிவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார். சில நாள் கண்ணாடி ரொம்பச் சுத்தமாக இருக்கும்.

அவர் அப்படி ஆனது நாகப்பட்டினத்தில் என்று நினைக்கிறேன். சுனாமிக்குப் பிறகு அங்கே முகாம் போனோம். டாக்டரம்மா அப்போது சின்ன வயது. ஒரு மீனவ அம்மா கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கல் எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் இரண்டு பேரைக் கடல் கொண்டுபோயிருந்தது. டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க மனசுல என்ன இருக்கு, சொல்லுங்கம்மா" என்றார். அந்த அம்மா ஏற இறங்கப் பார்த்தார். "என்ன இருக்கும்? கேள்வி கேக்க வந்துட்டே. இந்த முனையைப் பிடி." டாக்டரம்மா பிடித்தார். மத்தியானம் வரை பிடித்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா தானே, "நாளைக்கு வருவியா?" என்றார். மறுநாளும் போனோம். அதற்கப்புறம் டாக்டரம்மா 'உங்க மனசுல என்ன இருக்கு' என்று யாரையும் கேட்டு நான் பார்க்கவில்லை.

கதவு விஷயம் சொல்லிவிடுகிறேன். நோயாளி முதலில் தனியாகப் பேச வேண்டும், கூட வந்தவர் வெளியே இருக்க வேண்டும் என்பது டாக்டரம்மா வைத்த சட்டம். நம் ஊரில் அது நடக்கிற காரியமா? பொம்பளைக்குத் தலைவலி என்றால் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று புருஷன் சொல்வார். மாமியார் திருத்துவார். அவர்களை வெளியே நிறுத்துவதுதான் என் வேலை. கதவும் சரியில்லை. மழைக்காலத்தில் ஊறிப் பூரித்துவிடும். தாழ்ப்பாள் விழாது. உள்ளே ஸ்டூல் போட்டு, முதுகால் சாத்திக்கொண்டு உட்காருவேன். காதை என்ன செய்வது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "காதைக் கொண்டு வாங்க. வாயை வீட்லயே விட்டுட்டு வாங்க" என்றார். அது எனக்குச் சுலபம்.

இப்போது எழுதுவது அந்த ஒரத்தநாட்டுப் பெண் வசந்தாவைக் கேட்டுத்தான். போனில் கேட்டேன். "எழுதுங்கக்கா. காப்பி விஷயத்தை மட்டும் விட்டுடாதீங்க" என்றாள்.

வசந்தா வந்தது ஓர் அடைமழை நாளில். புருஷன் சேகர் கூட்டிவந்தார். அவர் அறுவடை மெஷின் ஓட்டுபவர். கதிர் முற்றும் ஊருக்கெல்லாம் மெஷினோடு போய்விடுவார். வாரக்கணக்கில் வெளியே தங்கல். நல்ல உடம்பு. உள்ளே நுழையும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டார். "டாக்டர், இவளுக்கு சந்தேக நோய். நான் எங்க போனாலும் சந்தேகம். இப்ப சாப்பாட்டுல விஷம் வச்சிருக்கேங்கிறா. சோத்தைத் தொடறதில்ல."

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் டாக்டரம்மா.

"இவளுக்கு ஒழுங்கா சொல்லத் தெரியாது டாக்டர்."

"ஒழுங்கில்லாம சொல்லட்டும்."

நான் எழுந்து நின்றேன். அவர் போனார். கதவைச் சாத்தி உட்கார்ந்தேன்.

வசந்தா எலும்பாக இருந்தாள். சேலைக் கொசுவம் அந்த இடுப்புக்கு நிற்கவில்லை, ஊக்கு குத்தியிருந்தாள். டாக்டரம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"வாழைப்பழம்."

"நேத்து ராத்திரி?"

"அவிச்ச முட்டை."

"மத்தியானம்?"

"இளநி."

டாக்டரம்மா விரல் விட்டு எண்ணினார். "எல்லாம் தோலும் ஓடும் இருக்கிறதாப் பாத்து சாப்பிடுறீங்க."

"ஆமா."

"அதுல யாரும் ஒண்ணும் கலக்க முடியாது."

"ஆமா."

தூக்கம் இல்லை என்றாள். அழுகையும் வருவதில்லை என்றாள். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று டாக்டரம்மா நேராகக் கேட்டார். மழை பெய்கிறதா என்று கேட்பதுபோல்தான் கேட்பார். "தோணும் டாக்டர். அப்புறம் பாப்பாவுக்கு யாரு தலை சீவி விடுறதுன்னு தோணும்" என்றாள்.

டாக்டரம்மா பேனாவைக் கையில் எடுத்தார். சேகரைக் கூப்பிடச் சொன்னார். வந்து உட்கார்ந்தவர் மறுபடி அதையே சொன்னார். விஷம் வைத்திருக்கிறேன் என்கிறாள், இது நோய் இல்லாமல் வேறு என்ன என்றார்.

வசந்தா தலையைத் தூக்காமல் சொன்னாள். "விஷம்னு நான் சொல்லவே இல்ல. மாத்திரைன்னு சொன்னேன். இவருதான் ஊர்பூரா விஷம்னு மாத்திச் சொல்றாரு."

பேனா மேசைக்குப் போய்விட்டது.

"சேகர், இவங்க குடிக்கிறதுல மாத்திரை போட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். என்னை ஏன் பார்க்க வேண்டும்? நான் கதவு. அப்புறம் தரையைப் பார்த்தார்.

"நல்லதுக்குத்தான் டாக்டர். எங்கக்கா சொல்லித்தான்."

"எந்த டாக்டர் எழுதிக் குடுத்தது?"

"டாக்டர் இல்ல. அக்காவோட மாமனாருக்கு வாங்கினது. அவரு போயிட்டாரு. மீதி இருந்துச்சு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

இதற்கு நம் ஊரில் யாரும் புதிது இல்லை. செத்துப்போனவருடைய செருப்பைத் தொட மாட்டோம். மாத்திரையை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்து அடுத்த ஆளுக்குக் கொடுப்போம்.

நடந்தது இதுதான். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்ததை நான் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு அறுப்புக்கு நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டு வந்த சேகர், சாப்பிட உட்கார்ந்து, "மீன் குழம்புல மாங்கா போட மாட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மெஷின்காரருக்கு ஹோட்டல் சாப்பாடுதான். ஹோட்டல் குழம்பில் மாங்காய் இருக்கிறதா என்று பார்க்கிற ஆளும் இல்லை அவர். "யாரு வீட்டுல சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள் வசந்தா. அவர் பதில் சொல்வதற்கு முன்னால் தண்ணீர் குடித்தாராம். அந்தத் தண்ணீர் குடித்ததில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து கேள்வி. குளிக்கும்போது, சாப்பிடும்போது, வண்டியை எடுக்கும்போது. அவர் சத்தியமாக இல்லை, சாமி சத்தியமாக இல்லை என்று ஒவ்வொரு சாமி பேரையும் இழுத்தார். அவள் தூக்கம் போனது. சோறு போனது. அவருடைய அக்கா வந்து பார்த்துவிட்டு, இது சந்தேக நோய் என்று பேர் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் காலையில் சேகர் காப்பி போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். அடுப்பங்கரைப் பக்கமே வராத மனிதர். மறுநாளும் போட்டார். அதற்கு மறுநாளும். பக்கத்து வீட்டில் சொன்னார்களாம், "உனக்கென்னடி, புருஷன் காப்பி போட்டுத் தர்றாரு." வசந்தாவுக்கும் மனசு இளகிவிட்டது. வாயால் சொல்ல முடியாததைக் காப்பியாகச் சொல்கிறார் என்று நினைத்திருக்கிறாள். கேள்வியை நிறுத்திவிட்டாள். தூக்கமும் வந்தது. கொஞ்சம் அதிகமாகவே வந்தது. வாய்க்கால் மேட்டில் புல்லறுக்கப் போனவள் நின்ற நிலையில் தள்ளாடி விழுந்தாள். ஓர் ஆள் பார்த்துத் தூக்கிவிட்டார்.

அப்புறம் ஒரு நாள் டம்ளர் அடியில் வெள்ளையாக ஏதோ கரையாமல் கிடந்தது. மாவு என்று நினைத்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கசந்தது.

இதை அவள் டாக்டரம்மாவிடம் தனியாகச் சொன்ன அன்றுதான் முதல் தடவை அழுதாள். "அவ வீட்டுக்குப் போனாரே, அதைக்கூட ஒரு நாளைக்கு மறந்துடுவேன் டாக்டர். அந்தக் காப்பியக் குடிச்சிட்டு நான் சந்தோஷமா பாத்திரம் வெளக்கினேன். பாட்டு வேற முணுமுணுத்தேன். அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

டாக்டரம்மா அழ விட்டார். முடிந்ததும் கேட்டார்.

"காப்பி நல்லா இருந்துச்சா?"

வசந்தா மூக்கைத் துடைத்தாள். "கேவலமா இருந்துச்சு டாக்டர். அந்த மனுஷனுக்கு டிகாஷன் எறக்கத் தெரியாது."

சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன். பயிற்சி.

சேகரிடம் தனியாகப் பேசினார் டாக்டரம்மா. இந்தத் தடவை அவர் சாமியைக் கூப்பிடவில்லை. "உண்மைதான் டாக்டர். ஆனா அது முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சதை வீட்டுல சொன்னீங்களா?"

"ஆரம்பிச்சதையே சொல்லலியே டாக்டர்."

"சரி. உங்க மனைவி கண்டுபிடிச்சது நெசம். அதனால அவங்களுக்கு வந்திருக்கிற நோயும் நெசம். ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இல்லன்னு நெனைக்காதீங்க. நோய்க்கு நான் மருந்து தர்றேன். மத்ததுக்கு என்கிட்ட மருந்து இல்ல."

வசந்தாவை வார்டில் சேர்த்தோம். அவள் அம்மா துணைக்கு வந்தார். அந்த அம்மா கொண்டுவந்த சோற்றைக்கூட அவள் தொடவில்லை. வார்டில் வாளியில் சாம்பார் கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஒரே வாளில இத்தனை பேருக்கு ஊத்துறாங்க. இதுல எனக்குன்னு யாரு என்னத்தப் போடுறது?" என்று தட்டை நீட்டினாள். எங்கள் ஆஸ்பத்திரி சாம்பாரை விரும்பிச் சாப்பிட்டு நான் பார்த்த ஒரே ஆள் வசந்தாதான்.

மாத்திரைதான் பெரும் பாடு. அவளுக்கு மருந்து வேண்டும். மாத்திரை என்ற சொல்லைக் கேட்டாலே வாயை மூடிக்கொள்கிறாள். வழக்கமாக நர்ஸ் மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுப்பார், விழுங்கினார்களா என்று பார்ப்பார். டாக்டரம்மா வசந்தாவுக்கு அதை நிறுத்தினார். பிரிக்காத அட்டையை அவள் கையில் கொடுத்தார். இதன் பேர் இது, இது செய்யும் வேலை இது, முதல் வாரம் வாய் உலரும், பயப்பட வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னார். அவள் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டார்.

"இது சந்தேகத்துக்கா டாக்டர்?"

"தூக்கத்துக்கு. மனசு கனமா இருக்குல்ல, அதுக்கு."

"போடலன்னா?"

"போடலன்னா நாளைக்கும் வந்து கேப்பேன். கட்டாயப்படுத்த மாட்டேன். யாருக்கும் தெரியாம கலக்கவும் மாட்டேன்."

முதல் நாள் போடவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. டாக்டரம்மா மறுநாளும் அதே அட்டையோடு வந்து அதே மாதிரி சொன்னார். ஒரு நாள் சாயங்காலம் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் 'டக்' என்று அட்டை உடையும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தேன்.

வீட்டுக்குப் போனாள். அம்மா வீட்டுக்குத்தான். அங்கிருந்து அவளும், தன் வீட்டிலிருந்து சேகரும் வாரா வாரம் வந்தார்கள். அப்போதுதான் சேர்த்து உட்கார வைக்கும் வேலை ஆரம்பித்தது. முதல் நாள் சேகரின் அக்காவும் கூட வந்துவிட்டார்.

"நானும் உள்ள வரணும். நான் அவனோட கூடப் பொறந்தவ."

"உக்காருங்க."

"எங்க?"

பெஞ்சைக் காட்டினேன். அந்த அம்மா பெஞ்சிலேயே கடைசி வரை சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நோயாளிகள் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருத்தர் என்னிடம் வந்து, "அவங்களுக்கு சீட்டு போட்டாச்சா?" என்று கேட்டார்.

உள்ளே சட்டம் இதுதான். ஒருத்தர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் தன் பேச்சைப் பேசலாம். கேட்கச் சுலபம். சேகரால் முடியவில்லை.

வசந்தா சொன்னாள். "நீங்க மெஷினோட போனா நான் விடிய விடிய வாசலையே பாத்துக்கிட்டிருப்பேன்."

"சொன்னதைச் சொல்லுங்க சேகர்."

"நான் மெஷினோட போனா அவ விடிய விடிய வாசலையே பாத்துக்கிட்டிருப்பா. ஆனா போகாம எப்படி..."

"ஆனா வேண்டாம்."

"சரிங்க டாக்டர். வாசலையே பாத்துக்கிட்டிருப்பேங்கிறா. ஆனா..."

"ஆனா வேண்டாம்."

"டாக்டர், ஆனா இல்லாம எனக்குப் பேச்சே வராது."

"அப்ப கொஞ்ச நாள் பேசாதீங்க. கேளுங்க."

அந்த மாதம் பூராவும் அந்த அறைக்குள் 'ஆனா' தடை. வசந்தாவுக்கும்தான். அவளுக்கும் இரண்டு தடவை நழுவியது. சேகர் உடனே, "டாக்டர், அவ சொல்லிட்டா" என்று கை காட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோற்றார்கள்.

இன்னொரு சிக்கல் இருந்தது. போனில் வசந்தாவின் கேள்வி நிற்கவில்லை. அந்தப் பொம்பளை பேர் என்ன, என்ன சேலை, என்ன குழம்பு. வயலில் மெஷின் ஓட்டிக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்பாள். அவர் எரிந்து விழுவார், அல்லது போனை அணைத்துவிடுவார். போன் அணைந்தால் அவளுக்கு அன்று தூக்கம் போச்சு. கேட்காதே என்று சொன்னால் அவளுக்கு நெஞ்சு வெடிக்கும். கேட்டுக்கொண்டே இரு என்றால் அவர் ஓடிவிடுவார்.

டாக்டரம்மா யோசித்தார். "ஆத்துல தண்ணி கொறஞ்சா என்ன பண்ணுவாங்க?"

இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். "முறை வைப்பாங்க."

டெல்டாவில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டாம். ஆற்றில் தண்ணீர் எல்லாருக்கும் பற்றாதபோது, இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு, அப்புறம் அடுத்த வாய்க்காலுக்கு என்று முறை வைத்து விடுவார்கள். உன் முறை வந்தால் முழுத் தண்ணீரும் உனக்கு. முறை முடிந்தால் மடையை அடைத்துவிட வேண்டும். அடுத்த முறை வரும் என்று தெரியும், அதனால் அடித்துக்கொள்ளாமல் காத்திருப்பார்கள்.

"கேள்விக்கு முறை வைப்போம்" என்றார் டாக்டரம்மா. "விளக்கு வச்ச பிறகு போன்ல அரைமணி நேரம். வசந்தா என்ன வேணா கேக்கலாம். கேட்டதையே திரும்பவும் கேக்கலாம். சேகர் பதில் சொல்லணும். பொய் கூடாது. 'அதான் சொன்னேனே' கூடாது. முறை முடிஞ்சா கேள்வி கிடையாது. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும், ஓடிப்போயிடாது."

"மடைய யாரு அடைக்கிறது?" என்றாள் வசந்தா.

"நீங்கதான்."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. முகத்தில் தெரிந்தது.

பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் வசந்தா தன் வீட்டுக்குத் திரும்பினாள். முறை அங்கே நேரில் தொடர்ந்தது. சேகர் பக்கத்து ஊர் வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். முதலில் சேகர் தாமதமாக வந்தார். மெஷின் ரிப்பேர் என்றார். "என் முறை போயிடுச்சு. விட்ட தண்ணிய யாரு குடுப்பா?" என்று மறுநாள் சேர்த்துக் கேட்டாளாம். அதிலிருந்து விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுவார். பாய் போட்டு, முகம் கழுவி, பரீட்சைக்குப் போகிற மாதிரி. காப்பி மட்டும் அவரவர் போட்டுக்கொண்டார்கள்.

எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார் சேகர். ஒன்றைத் தவிர. வசந்தா அதைத் தினமும் கேட்டாள். "நான் காப்பியக் குடிக்கிறதை எதிர்ல நின்னு பாத்தீங்களே. அப்ப என்ன நெனைச்சீங்க?"

தெரியலை என்பார். நினைவில்லை என்பார். நல்லதுக்குத்தான் என்பார். டாக்டரம்மா ஒவ்வொரு வாரமும் கேட்பார், "அந்தக் கேள்வி?" இவர் தலையை ஆட்டுவார். டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. எனக்குத்தான் ஸ்டூலில் இருப்புக் கொள்ளவில்லை. மனுஷா, ஏதாவது சொல்லித் தொலையேன் என்று இருக்கும். வாய் வீட்டில் இருந்தது.

ஒரு வாரம் உள்ளே உட்கார்ந்ததும் சேகர் தானாக ஆரம்பித்தார். டாக்டரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நீ கேள்வி கேக்காம இருந்தே. வீடு அமைதியா இருந்துச்சு. நீ தூங்கித் தூங்கி விழுந்தே, எனக்குத் தெரியும். இப்படியே இருக்கட்டும்னு நெனைச்சேன். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

இவர் 'நல்லதுக்குத்தான்' என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை சொன்னதுதானே. சொல்லவில்லை. இனி அவள் எழுந்து வெளியே போனால் நான் கதவைத் திறந்துவிட வேண்டும். முதுகை எடுக்கத் தயாராக இருந்தேன்.

டாக்டரம்மா ரொம்பத் தாழ்ந்த குரலில், "வசந்தா" என்றார்.

சட்டம் அவளுக்கும் உண்டு. அவள் திருப்பிச் சொன்னாள். "நான் தூங்கித் தூங்கி விழுந்தது உங்களுக்குத் தெரியும். நான் கேக்காம இருந்தது உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு."

ஆனா சொல்லவில்லை. நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். சொல்லவே இல்லை.

சேகரைப் பார்த்து, "இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்றாள். அப்புறம், "இன்னிக்குப் போதும் டாக்டர். நான் அடைச்சுக்கிறேன்" என்றாள். சேகர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவு பெரிய மெஷினை ஓட்டுகிறவர்.

சேர்ந்துதான் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா யாருக்கும் சொன்னதில்லை. அதே அறையில் உண்மை கேட்டுவிட்டு, நல்லது, நான் போகிறேன் என்று எழுந்து போன பெண்கள் உண்டு. அவர்களுக்கும் நான்தான் கதவைத் திறந்தேன். அவர்களில் ஒருத்தி இப்போது தஞ்சாவூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். என் ஜாக்கெட் அங்கேதான். வசந்தா போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முறை இல்லை.

மருந்தை டாக்டரம்மா மெல்ல மெல்லக் குறைத்தார். பிறகு நிறுத்தினார். கடைசியாக வந்த அன்று, "இனிமே தேவைன்னா வாங்க" என்றார். முறை எப்படிப் போகிறது என்று கேட்டார்.

"இப்ப வாரத்துக்கு ஒரு நாள்தான் டாக்டர். கேக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. சும்மா உக்காந்திருப்போம். இவருதான் 'எதாவது கேளு'ங்கிறாரு."

சேகர் சிரித்தார். உடம்பு கொஞ்சம் இளைத்திருந்தது. அவள் மனசிலிருந்து இறக்கிய கனத்தை இவர் ஏற்றிக்கொண்டார் போலிருக்கிறது.

அன்று என் டூட்டியும் முடிந்திருந்தது. பஸ் ஸ்டாப்பில் வசந்தாவும் நானும் நின்றோம். சேகர் கொஞ்சம் தள்ளி நின்று போனில் யாரிடமோ மெஷினுக்குப் பெல்ட் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். எனக்கு எந்த நோயாளியிடமும் எதுவும் கேட்கும் பழக்கம் இல்லை. அன்று கேட்டுவிட்டேன்.

"நம்பிக்கை வந்துடுச்சா?"

வசந்தா யோசித்தாள். "வரலக்கா. தூக்கம் வந்துடுச்சு."

"போதுமா?"

டவுன் பஸ் வந்துவிட்டது. ஏறினாள். சேகர் போனைப் பையில் போட்டுக்கொண்டு அவசரமாகப் பின்னால் ஏறினார். கண்டக்டர் வந்தார். டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு இலவசம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வசந்தா இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தாள். பின்னால் நிற்கும் சேகரைக் கட்டை விரலால் காட்டினாள்.

"அவருக்கு ஒண்ணு."